கரையில் கிடைக்கும் ஆறு மணி நேரம்

நம் வணிகர்கள் கடையைப் பூட்டிவிட்டு நான்கு நாள் குடும்பத்தோடு வெளியே போவது அபூர்வம். போனால் குலதெய்வம் கோயில், இல்லாவிட்டால் உறவுக் கல்யாணம். அங்கேயும் அரை மணிக்கு ஒரு தரம் கடைக்குப் போன் போட்டு, பருப்பு லோடு இறங்கிவிட்டதா என்று கேட்காமல் இருக்க முடியாது. சில ஆண்டுகளாக இந்த நிலை கொஞ்சம் மாறி வருகிறது. விற்பனை இலக்கை முடித்துக் கொடுத்த விநியோகஸ்தர்களையும் மொத்த வியாபாரிகளையும் கம்பெனிகளே சிங்கப்பூர், பாங்காக் என்று அழைத்துப் போகின்றன. அப்படிப் போய் உல்லாசக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த முறை சொந்தச் செலவில் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். 2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அங்கிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கும் போயிற்று. கப்பல் பயணம் நமக்கு எட்டாத சங்கதி என்ற எண்ணம் போய்விட்டது.

இப்படிப் புறப்படுகிறவர்களிடம் நாம் ஒன்றைக் கவனித்து வருகிறோம். கப்பல் டிக்கெட்டுக்கு நாலு ஏஜெண்டிடம் விலை கேட்கிறார்கள். ஜன்னல் உள்ள அறையா, இல்லாத அறையா என்று ஒரு வாரம் பேசுகிறார்கள். ஆனால் கப்பல் ஒவ்வொரு ஊரிலும் நிற்கும்போது கரையில் இறங்கி என்ன செய்வது என்பதைக் கப்பலில் ஏறிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அங்கே வரவேற்பு மேஜையில் வண்ணப் படத்தோடு ஒரு தாளை நீட்டுவார்கள். இரவுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பார்கள். அவசரத்தில் வாங்கிய சரக்கு என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் சாப்பாடும் படுக்கையும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். நமது தனிக் காசும் மூளையும் செலவாக வேண்டிய இடம் கரைதான். நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர், போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் வழியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

துறைமுகம் வேறு, ஊர் வேறு

பயண அட்டவணையில் ‘கோலாலம்பூர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் கோலாலம்பூருக்கு வராது. அது நிற்பது போர்ட் கிள்ளானில், இண்டா தீவில் உள்ள கப்பல் முனையத்தில். அங்கிருந்து கோலாலம்பூருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். உலகம் முழுவதும் இதே கதைதான். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற ஊரில், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு அப்பால். பாங்காக் என்றால் பெரும்பாலும் லேம் சபாங், 100 கிலோமீட்டருக்கும் மேல். ஆகையால் ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பல் எந்த முனையத்தில் நிற்கும், அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்பது. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஏஜெண்டிடம் வேறு எதையும் கேட்டுப் பயனில்லை.

இனி மணிக்கணக்கு. கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணை சொல்கிறது என வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது என்று சந்தோஷப்படக்கூடாது. கப்பல் கட்டிய பிறகு அந்நாட்டு அதிகாரிகள் அனுமதி கொடுத்து ஏணிப்பாலத்தைத் திறக்க அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் இறங்குகிறார்கள். குடியேற்றச் சோதனை வரிசை வேறு. மாலையில் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய கடைசி நேரம், புறப்படும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்னதாகவே இருக்கும். ஆக, 9 மணிக்கு வெளியே வந்து 4.30 மணிக்குத் திரும்ப வேண்டும். அதிலும் ஒன்றரை மணி நேரத்தை வழித் தடங்கலுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். பேரேட்டில் வராக்கடனுக்கு ஒதுக்குவது போலத்தான் இது. வராவிட்டால் லாபம், வந்தால் கை கடிக்காது. மிச்சம் ஆறு மணி நேரம்.

இந்த ஆறு மணியில் கோலாலம்பூர் போய்வரச் சாலையிலேயே மூன்று மணி போய்விடும். வண்டி பிடிக்க அரை மணி. மீதி இரண்டரை மணி நேரம். பத்துமலை முருகன் கோயில் நகரத்துக்கும் வடக்கே இருக்கிறது. 2006-இல் நிறுவிய 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைப் பார்த்துவிட்டு, 272 படி ஏறி, குகைக்குள் தரிசனம் செய்து இறங்கினால் அதற்கே ஒன்றரை மணி சரியாகப் போகும். அப்புறம் ஒரு சாப்பாடு. இரட்டைக் கோபுரத்தை வண்டியிலிருந்தே பார்க்கலாம். மேலே ஏறிப் பார்ப்பதெல்லாம் வேறு பயணத்தில்தான். பத்துமலை, இரட்டைக் கோபுரம், மெர்டேக்கா சதுக்கம், சாக்லேட் கடை, பஜார் என்று ஐந்து இடம் காட்டுவதாகச் சொல்லும் திட்டத்தில், எங்கேயும் கால் மணிக்கு மேல் நிற்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு இத்தனை தூரம் வருவானேன்?

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு எங்கள் யோசனை வேறு. கிள்ளான் நகரம் கோலாலம்பூர் தூரத்தில் பாதிகூட இல்லை. அங்கே தெங்கு கிளானா சாலையில் ஒரு லிட்டில் இந்தியா இருக்கிறது. மளிகை, பாத்திரம், பூ, பட்டு, பலகாரம் என்று நம் கடைத்தெருவைக் கொண்டுபோய் வைத்ததுபோல இருக்கும். சுற்றுலாத் தாள்களில் இந்த ஊருக்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. ஆனால் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு, இன்னொரு நாட்டில் இன்னொரு தமிழர் எப்படி அடுக்கு வைத்திருக்கிறார், எந்தச் சரக்கை வாசலில் வைக்கிறார், எதை உள்ளே வைக்கிறார் என்று பார்ப்பதைவிட வேறு வேடிக்கை என்ன வேண்டும்?

தலைக்கு விலையா, வண்டிக்கு விலையா?

கப்பல் கம்பெனி விற்கும் கரைச் சுற்றுலாவை அந்தக் கம்பெனி நடத்துவதில்லை. அந்தந்த ஊரில் பேருந்தும் வழிகாட்டியும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து, சில்லறையில் விற்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் அதைத்தான் செய்கிறோம். கேட்க வேண்டியது, அந்த லாபத்துக்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதே. மூன்று விஷயம் கிடைக்கிறது. முன்னதாக இறக்கிவிடுவார்கள். கப்பல் அந்த ஊரில் நிற்காமல் போனால் பணம் திரும்பக் கணக்கில் ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரியது, அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். மிகவும் நெருக்கடியாகிக் காத்திருக்க முடியாமல் போனாலும், அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாம் தனியாகப் பிடித்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மூவாயிரம் பேருக்காக நம் ஆறு பேரை விட்டுவிட்டுப் போவது அவர்கள் பக்கம் நியாயமே.

விலை விஷயத்தில் கவனிக்க வேண்டியது, கப்பலில் தலைக்கு விலை. வெளியே வண்டிக்கு விலை. ஒரு பேச்சுக்கு, கப்பலில் ஆளுக்கு 80 வெள்ளி என்றால் அப்பா, அம்மா, நாம் இருவர், பிள்ளைகள் இருவர் என்று ஆறு பேருக்கு 480 வெள்ளி. அதே இடத்துக்கு ஒரு வேன் 200 வெள்ளிக்குக் கிடைத்தால் மிச்சம் 280. இதையே கணவன் மனைவி இருவர் மட்டும் போனால் 160 எங்கே, 200 எங்கே? கப்பல் பேருந்தே மலிவு. கூட்டுக் குடும்பத்துக்கும், இரண்டு மூன்று வணிகக் குடும்பங்கள் சேர்ந்து போகிறவர்களுக்கும் வேன்; தனித் தம்பதிக்குப் பேருந்து. தூரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்திலோ பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலோ இருக்கும் இடத்துக்கு, காத்திருக்கும் உத்தரவாதத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். 60 கிலோமீட்டர், நடுவில் நெரிசலான நகரம் என்றால் அந்த விலை நியாயம்தான். போர்ட் கிள்ளானில் கோலாலம்பூருக்குக் கப்பல் பேருந்து, பினாங்கில் நம் கால், புக்கெட்டில் இடத்தைப் பொறுத்து என்பது எங்கள் தீர்ப்பு.

தனியாக வண்டி பேசுகிறவர்கள் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வானிலை காரணமாக ஓர் ஊரைத் தவிர்த்துப் போகக் கப்பலுக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை இருக்கிறது. அப்படிப் போனால் துறைமுகக் கட்டணம் போன்றவற்றைத் திருப்புவதோடு அவர்கள் கடமை முடிந்தது. நாம் வெளியே கட்டிய முன்பணத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல.

இன்னொன்று. சுற்றுலாத் திட்டத்தில் ‘ரத்தினக்கல் காட்சிக்கூடம்’, ‘முந்திரித் தொழிற்சாலை’, ‘தோல் பொருள் மையம்’ என்று இருந்தால் அவை எல்லாம் கடைகள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அங்கே கழிவு உண்டு. கழிவு என்றால் என்ன என்று நம்மைவிட அறிந்தவர் யார்? கிடைக்கிற ஆறு மணியில் ஒரு மணியை அவர்கள் கழிவுக்காகக் கொடுக்க வேண்டுமா என்பதை முன்னதாகவே யோசித்து, கடைகள் வேண்டாம் என்று வண்டி பேசும்போதே சொல்லிவிடலாம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பினாங்கில் கால்நடையாக

இந்த வழியில் நமக்கென்றே அமைந்த ஊர் பினாங்கு. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நிற்கிறது. வெளியே வந்தால் ஜார்ஜ் டவுனின் நடுவே நிற்கிறோம். எதிரே விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக எழுப்பிய 60 அடி மணிக்கூண்டு; பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. துறைமுக வாசலில் நிற்கும் டாக்சிக்காரர் ஊரைச் சுற்றிக்காட்ட நாள் வாடகை கேட்பார். இந்தப் பகுதிக்கு டாக்சி வேண்டவே வேண்டாம்.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் வணிகத் தலம் ஏற்படுத்தினார். வரி இல்லாத் துறைமுகம் என்று அறிவித்ததும் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்து நம் மரைக்காயர்களும் சூலியர்களும் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பெயரில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. 1801-இல் அமைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அவர்களின் தலைவராக இருந்த வணிகர் காதர் மொஹிதீன் காலத்தது. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் அதே பகுதியில் உண்டு. ராணித் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். பள்ளிவாசல், அம்மன் கோயில், சீனர்களின் கோயில் எல்லாம் ஒரே நடையில் அடங்கிவிடும். 2008-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கீழே கடை, மேலே வீடு, கடை முன்னால் வெயில் மழை படாமல் நடக்க ஐந்தடித் தாழ்வாரம் என்று வரிசை வரிசையாக நிற்கும் கட்டடங்களைத்தான் அந்த அறிவிப்பு காப்பாற்றுகிறது. வணிகர்கள் கட்டிய ஊர் அது. அரண்மனையைப் பார்க்க வருகிறவர்களைவிட நமக்கு அங்கே பார்க்க அதிகம் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் கப்பல் பெரும்பாலும் மறுநாள் மதியத்தை ஒட்டித்தான் பினாங்கு சேரும். அது ஒரு வகையில் நல்லது. கோயில்களில் மதியம் நடை சாத்துவது அங்கும் வழக்கம். ஆகவே வெயில் நேரத்தில் பினாங்குக் கொடிமலைக்குப் போய்வந்து, மாலையில் கோயிலும் கடைத்தெருவும் வைத்துக்கொள்ளலாம். மலைக்கு ஏறும் கம்பிவட ரயிலை 2011-இல் புதுப்பித்தார்கள். ஏறுவதும் இறங்குவதும் சில நிமிடம்தான். ஆனால் பள்ளி விடுமுறையிலும் ஞாயிறிலும் வரிசையில் நிற்பதற்கே ஒரு மணிக்கு மேல் போகும். வரிசை நீளமாக இருந்தால் டிக்கெட் வாங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். மேலே ஏறியவர்கள் எல்லாரும் இறங்குவதற்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்தில் கும்பிட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. சைவச் சாப்பாட்டுக் கடைகள் லிட்டில் இந்தியாவில் உண்டு. அசைவர்கள் ‘நாசி கண்டார்’ சாப்பிடாமல் வரக்கூடாது. நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது. அந்தத் தடியின் பெயரே சாப்பாட்டுக்கும் ஆகிவிட்டது. சரக்கு பார்க்கிறவர்கள் ஜாதிக்காயைப் பாருங்கள். நாம் கொட்டையையும் பத்திரியையும்தான் விற்கிறோம். அங்கே வெளிச் சதையையும் விடாமல் சர்க்கரையில் ஊறவைத்தும் உலர்த்தியும் பானமாக்கியும் காசாக்குகிறார்கள். மாதிரிக்குக் கட்டிய பொட்டலமாக வாங்கி வரலாம். முளைக்கும் விதை, செடி என்று எதையும் எடுத்து வர வேண்டாம். உரிய அனுமதி இல்லாமல் நம் நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

புக்கெட்டில் கடிகாரமும் கடலும்

தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்னால். புக்கெட்டில் கரை இறங்கியதும் நம் கைப்பேசி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ பல சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாலை 4.30-க்குள் வாருங்கள் என்று கப்பல் சொன்னால், நம் கைப்பேசி 3.30 காட்டும்போதே அங்கே 4.30 ஆகிவிட்டது. இன்னும் ஒரு மணி இருக்கிறதே என்று ஒரு தேநீர் குடித்தால் போயிற்று. கப்பலில் மாட்டியிருப்பதுதான் நமக்குக் கடிகாரம். இறங்கும் முன் ஊழியரிடம், கப்பல் நேரமா ஊர் நேரமா என்று கேட்டு, கையில் கட்டும் சாதாரண கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்வது உத்தமம்.

புக்கெட்டில் சில கப்பல்கள் தென்கிழக்கில் உள்ள ஆழ்கடல் துறையில் கட்டும். சில கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்னும் சிறு படகுகளில் ஆட்களைக் கரை சேர்க்கும். படகு என்றால் கணக்கே மாறும். சீட்டு வாங்கி முறைக்குக் காத்திருக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அரை மணி, முக்கால் மணி கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆடுகிற படகில் கால் எடுத்து வைப்பது சேலை கட்டிய பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் சிரமம். சக்கர நாற்காலிக்குப் பெரும்பாலும் இடமில்லை. அட்டவணையில் ‘நங்கூரம்’ அல்லது ‘டெண்டர்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். அலை எழும்பினால் படகு விடமாட்டார்கள். அன்று புக்கெட்டே இல்லை.

தீவுகளுக்கு விசைப்படகில் போகும் சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். 2018 ஜூலை 5-ஆம் தேதி, கடல் மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கை இருந்தும் சென்ற ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். கப்பல் கம்பெனி மூலம் வாங்கிய சுற்றுலா என்பதாலேயே அது பத்திரமானது என்றும் நினைத்துவிடக்கூடாது. 2019 டிசம்பர் 9-ஆம் தேதி நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒரே உல்லாசக் கப்பலிலிருந்து கரைச் சுற்றுலாவாக வந்தவர்கள். 22 பேர் மாண்டார்கள். மூன்று வாரம் முன்பே அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை உயர்த்தியிருந்தார்கள். பலகையில் அந்தச் சுற்றுலா விற்றுக்கொண்டேதான் இருந்தது. கடலும் மலையும் அன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று நாமே விசாரிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, மாட்டிவிட்ட பிறகே படகில் ஏற்ற வேண்டும். இல்லை என்றால் கட்டிய பணம் போனாலும் இறங்கிவிடலாம். புக்கெட் பழைய நகரத்தின் தலாங் தெருவும், சலோங் புத்தர் கோயிலும் தரை வழியிலேயே இருக்கின்றன. அவற்றுக்குப் படகு வேண்டாம்.

கப்பல் போய்விட்டால்

2024 மார்ச் கடைசியில் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு நாடான சாவோ டோமேயில் இது நடந்தது. தனியார் வண்டியில் சுற்றப் போன எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தார்கள். கப்பல் கண்ணெதிரே நின்றும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைத் துறைமுக ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டது. காம்பியாவில் போய்ப் பிடிக்கலாம் என்று பல நாடுகளைக் கடந்து போனால், அங்கே நீர்மட்டம் போதாமல் கப்பல் துறைக்கே வரவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் அலைந்து செனகல் நாட்டு டக்கார் நகரில்தான் சேர்ந்தார்கள். பெரும்பகுதி சொந்தச் செலவு.

பினாங்கில் நமக்கு அப்படி ஆனால் என்ன செய்வோம் என்பதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொள்வது நல்லது. ஆசியக் கப்பல்கள் சிலவற்றில் ஏறியவுடன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் அதன் நகலும் விசா நகலும் ஆளுக்கு ஒன்று மடித்துப் பையில் இருக்க வேண்டும். கப்பலில் ஒவ்வொரு நாளும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில், அல்லது அவர்களுடைய கைப்பேசிச் செயலியில், அந்த ஊரின் துறைமுக ஏஜெண்ட் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்த உடனே அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஊரில் இருக்கிற ஏஜெண்டை அழைத்து என்ன பயன்? பெரியவர்களின் மருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாகப் பையில் இருக்கட்டும். குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் போவதும் முக்கியம். ஆண்கள் மொத்தக் கடை பார்க்கிறோம் என்று ஒரு பக்கமும் பெண்கள் ஜவுளி பார்க்கிறோம் என்று ஒரு பக்கமும் பிரிந்து, ஒருவருக்கொருவர் காத்திருந்து தாமதமாவதே நம் குடும்பங்களில் அதிகம்.

விசா, பருவம், கணக்கு

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கப்பல் அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதால், பல முறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்தும் டிசம்பரிலிருந்து மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தன. இவை அவ்வப்போது மாறக்கூடிய சலுகைகள். டிக்கெட் எடுக்கும் நாளிலும் புறப்படும் வாரத்திலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஹான்ஸ், குட்கா வகைகளைச் சிங்கப்பூர் தடை செய்திருக்கிறது. நாம் கடையில் விற்காவிட்டாலும், கூட வருகிற மாமா மச்சான் பையில் ஒரு பொட்டலம் இருக்கக்கூடும். புறப்படும் முன் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம் போவது என்பதில் நமக்குச் சிக்கல் உண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. ஆனால் மே பிறந்தால் புக்கெட் கடல் நம்புவதற்கில்லை. கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் தீபாவளியும் பொங்கலும் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் எந்த மளிகைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருப்பார்? பரீட்சை முடிந்த ஏப்ரல் இரண்டாம் பாதியே பெரும்பாலோருக்குப் பொருந்தும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் பொங்கல் கழித்து, தை மாசிக் கல்யாண விற்பனை சூடு பிடிப்பதற்கு முன் ஒரு வாரம். மே மாதம்தான் முடியும் என்றால், புக்கெட் இல்லாமல் மலேசியத் துறைமுகங்கள் மட்டும் உள்ள பயணத்தை எடுக்கலாம்.

கடைசியாக, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை ஏஜெண்டிடம் வாங்கும்போது டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது போன பணமல்ல. நம் வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவர் பான் எண்ணில் பில் போடச் சொல்லி, சான்றைக் கேட்டு வாங்கி, ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். கப்பலுக்குள் அட்டையில் வாங்கும் கரைச் சுற்றுலா அந்நியச் செலாவணியில் ஏறும். வங்கி அதற்கும் ஒரு மேல்தொகை போடும். ஊரிலேயே பதிவு செய்தால் விலை குறைகிறதா என்று இரண்டையும் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.